கீரனூரில் ஒரு கஜாக் கல்யாணம்

பயணம் முடிந்த மறுநாளே, கால் வலி ஆறுவதற்குள், எழுதிப் போட்டுவிடுவது என் வழக்கம். இந்தப் பதிவு மட்டும் பத்து நாள் தாமதம். ஒரு பெரியவரிடமிருந்து பதில் வரவேண்டியிருந்தது. அது வராமல் எழுதியிருந்தால் பாதிப் பயணத்தைத்தான் எழுதியிருப்பேன்.

நான் ஊர் சுற்றி என்பது இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். சுற்றாத நாட்களில் மொழிபெயர்ப்பேன் என்பது பலருக்குத் தெரியாது. செரிக்பாய் என்று ஒரு கஜாக் நாடக ஆசிரியர், நாவலாசிரியர். அவருடைய ஒரு நாடகத்தை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தேன். அச்சிட்டது முந்நூறு பிரதி. அதில் நூற்றுச் சொச்சம் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. விற்ற பிரதிகளில் ஒன்று எப்படியோ கீரனூருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே அதை மேடையேற்றப்போகிறார்கள் என்று ஜனவரியில் ஃபோன் வந்தபோது, யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கிண்டல் இல்லை. பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை அதிகாலை 4.40-க்குக் கோவையில் பஸ் ஏறினேன். திருச்சிக்கு ஐந்தரை மணி நேரம், நான் கொடுத்தது 210 ரூபாய். அங்கே இரண்டு இட்லியும் ஒரு காபியும் முடித்துவிட்டுப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினால், கீரனூருக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம், 28 கிலோமீட்டர், 30 ரூபாய். ஜன்னல் ஓரம் வேண்டுமென்றால் வலது பக்கம் உட்காருங்கள். காலை வெயில் இடது பக்கம் அடிக்கிறது.

பஸ் நின்ற இடத்திலேயே செல்வகணபதி காத்திருந்தார். திருச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை. தினமும் காலை 7.20 பஸ்ஸில் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர். அந்த 7.20-இல் போகும் பதினொரு பேர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் வைத்திருக்கிறார்கள். கூட்டம், தலைவர், செயலாளர் எதுவும் கிடையாது. ஒரு புத்தகம் வாரம் ஒரு இருக்கை தள்ளிப் போகும், அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை பிடித்த புத்தகத்துக்கு ஏதாவது விழா எடுப்பார்களாம். இந்த ஆண்டு என் அதிர்ஷ்டம்.

“ஒத்திகை எத்தனை மணிக்கு?” என்று இறங்கியதுமே கேட்டேன்.

செல்வகணபதி சிரித்துவிட்டார். “ஒத்திகையா? நம்ம நாடகக்காரங்களுக்கு அதெல்லாம் கெடையாதுக்கா. நாளைக்கு மூணு மணிக்கு நாடகம். ரெண்டரைக்கு வருவாங்க.”

புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, பார்த்ததில்லை. ஒவ்வொரு நடிகருக்கும் தனித்தனியாகத் தேதி வாங்குவார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். சந்திப்பதே மேடையில்தான். கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். நடுவே தர்க்கம் என்று ஒன்று வரும். ஆணும் பெண்ணும் பாட்டிலும் பேச்சிலும் ஒருவரை ஒருவர் மடக்குவது. அதற்கு எழுத்தே கிடையாது, அன்றன்று வாயில் வருவதுதான். ஆர்மோனியக்காரர் ஒரு சுற்று வாசித்து முடிப்பதற்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் தோல்வி.

திருவிழாக் கதை என்றால் சரி, எல்லோருக்கும் மனப்பாடம். இது எவரும் கேள்விப்படாத கஜாக் கதையாயிற்றே! மூன்று மாதத்துக்கு முன்பே ஆளுக்கொரு புத்தகமாக நகலெடுத்துக் கொடுத்துவிட்டதாகச் செல்வகணபதி சொன்னார். கீரனூரில் மதியச் சாப்பாடு (80 ரூபாய், கூட்டு அருமை) முடித்துவிட்டு, தங்குவதற்குப் புதுக்கோட்டைக்கே போய்விட்டேன். இன்னும் 26 கிலோமீட்டர். பஸ் நிலையத்தின் அருகே விடுதி, ஓர் இரவுக்கு 900. தண்ணீர் நன்றாக வருகிறது, மின்விசிறி மட்டும் கொஞ்சம் பேசுகிறது.

இந்த இடத்தில் செரிக்பாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏன் அவ்வளவு பதறினேன் என்று புரியாது.

எண்பதை நெருங்குகிறார். புல்வெளியில் ஆடும் குதிரையும் மேய்த்த குடும்பம். அம்மா சீக்கிரமே போய்விட, ஏழு வயது மூத்த அக்காதான் அவரை வளர்த்தார். பள்ளிக்கூடம் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், குளிர்காலம் முழுக்க விடுதி. படிப்பு முடிந்ததும் கால்நடை மருத்துவர் ஒருவரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சில வருடம் அலைந்தார். பிறகு நகரத்துக்குப் போய் ஒரு நாடகக் கொட்டகையில் விளக்குப் போடும் வேலை. ஏணி மேல் உட்கார்ந்து ஒவ்வொரு நாடகத்தையும் நூறு தடவை பார்த்ததில், எந்த இடத்தில் ஜனங்கள் இருமுவார்கள் என்று தெரிந்துபோனதாம். அந்த இடங்களை எல்லாம் விட்டுவிட்டு எழுதினால் நாடகம் என்பது அவர் கட்சி. ஏழு நாடகம், நான்கு நாவல். நாவல்களில் ஒன்றான ‘உப்புக் கிணறு’தான் நான்கு வருடமாக என் மேசையில் கிடப்பது. கிணறு வெட்டுகிற ஒருவருக்கு எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீரே வருகிறது. ஊரே காலி செய்துகொண்டு போகிறது, அதை அவரிடம் சொல்ல மட்டும் எவருக்கும் மனம் வரவில்லை. படித்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

நாடகத்தின் பெயர் ‘கல்யாண வீட்டில் கேட்டது’. கஜாக் நாட்டிலும் நம் தர்க்கம் மாதிரி ஒன்று உண்டு, ஐத்திஸ் என்கிறார்கள். இரண்டு பாடகர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டே அப்போதைக்கு அப்போது கட்டிப் பாடி மோதுவார்கள். செரிக்பாயின் அக்கா நல்ல பாடகி. அவருடைய கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பாட்டில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அக்காவிடம் பதில் இல்லையா, பெரியவர் என்று மரியாதைக்கு அடங்கினாரா, தெரியாது. அக்கா பேசவில்லை. தோற்றதாகச் சொல்லிச் சிரித்தார்கள். மறுநாள் ஒரு லாரியில் ஏறி முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த புகுந்த வீட்டுக்குப் போனார். அதன்பிறகு அவர் பாடி எவரும் கேட்கவில்லை. வயதான பிறகு தம்பி ஒருமுறை இதைக் கேட்டதற்கு, தேநீர் ஆறிப்போகிறது, குடி என்றாராம்.

நாடகத்தில் அந்தக் கேள்வி அப்படியே வருகிறது. பதில் இருக்கவேண்டிய இடத்தில் அரைப்பக்கம் வெள்ளையாக விட்டிருக்கிறார். அவள் பேசவில்லை என்றுகூட எழுதவில்லை. அந்தப் பதிலை வாழ்நாள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய ஊரிலேயே ஒரு நாடகக் குழு அந்த வெள்ளையில் ஒரு காதல் பாட்டைச் செருகிவிட, நாடகத்தையே அவர்களிடமிருந்து திரும்பப் பெற்றுவிட்டார். கடிதங்களைக் கவனிக்கும் அவர் மகள் ஐகெரிம் எனக்கு எழுதியது இதுதான்: எதை மாற்றினாலும் அப்பா பொறுத்துக்கொள்வார், அந்த அரைப்பக்கத்தை மட்டும் தொடாதீர்கள். தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். நாவலை வெளியிட இன்னும் அனுமதி வரவில்லை. கீரனூர் நாடகத்தின் வீடியோப் பதிவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார் செரிக்பாய். நான்கு வருட உழைப்பு அந்த அரைப்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை பத்தரைக்கே கீரனூர் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டேன். ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்திரீபார்ட் அமுதா, நான் வருவது தெரிந்து, மதியமே வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில், கையில் ஒப்பனைப் பெட்டியோடு, தலையில் அரை முழம் மல்லிகையோடு. என் புத்தகத்தைப் பிரித்து நேரே அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

“எல்லாம் படிச்சுட்டேன் மேடம். பஸ்ஸுல போகையில வரையில படிச்சதுதான். இந்த எடம் எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. எங்க நோட்டுலயும் இப்பிடித்தான் விட்டுவைப்போம்.”

“எப்படி?”

“தர்க்கம் வார எடத்துல எழுத மாட்டோம்ல? வெறும் பேப்பரா விட்ருவோம், அன்னிக்கு வாரதைப் பேசிக்கிடலாம்னு. ஒங்க ஆளுக்கும் தொழில் தெரிஞ்சிருக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை முன்கூட்டி வந்தோம் என்று நினைத்துக்கொண்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினேன். அக்காவின் கதை, லாரி, தேநீர், நான் எழுதிக் கொடுத்த வாக்கு எல்லாம் சொன்னேன். அமுதா அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே கேட்டார். லாரி இடத்தில் கண் கலங்கினார்.

“அப்ப நான் பேசாம நிக்கணும்.”

“ஆமாம்.”

“அந்த வெள்ளை முச்சூடும்?”

“விளக்கு அணையும் வரைக்கும்.”

“மேடம், பதினேழு வயசுலேர்ந்து மேடை ஏறுறேன். இந்தப் பக்கத்துல ஒருத்தருகிட்டயும் வாயடைச்சு நின்னதில்ல. நின்னா அடுத்த தேதி வராது.” புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் வைத்தார். “சரி. அந்த அக்காவுக்காக நிக்கிறேன்.”

மூன்று மணி நாடகம் 3.25-க்குத் தொடங்கியது. மண்டபத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. முன்னால் 7.20 பஸ் ஆட்கள் குடும்பத்தோடு, பின்னால் சுற்று வட்டாரத்துப் பெண்கள். இவர்கள் கஜாக் இலக்கியத்துக்காக வந்தவர்கள் அல்லர். அமுதா வருகிறார் என்று வந்தவர்கள். சண்முகம் என்பவர் ஆர்மோனியம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராகத் திருப்பதி என்ற ராஜபார்ட் நடிகர். கஜாக் பெரியவருக்குச் சரிகைத் தலைப்பாகையும் ஜிகினா அங்கவஸ்திரமும். நடிப்பைப் பார்த்த பத்தாவது நிமிடம் தலைப்பாகை மறந்துபோனது. ஒத்திகையே பார்க்காத ஆட்கள், ஒருவர் மூச்சை இழுப்பதைப் பார்த்தே மற்றவர் தொடங்குகிறார்கள். முதல் காட்சியில் நான் மூன்று நாள் மண்டையை உடைத்து மொழிபெயர்த்த ஒரு வசனத்தைத் திருப்பதி பாதியில் மாற்றிப் பேசினார். அவருடையது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. சொல்வதற்கென்ன, கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இரண்டாம் காட்சி, கல்யாண வீடு. திருப்பதி கேள்விப் பாட்டை எடுத்தார்.

“ஆத்துக்குக் கரையிருக்கு, மலைக்கொரு பேரிருக்கு,
ஆட்டுக்கும் மாட்டுக்கும் அடையாளச் சூடிருக்கு,
பொறந்த வீடும் போச்சு, போற வீடும் புதுசு,
பொண்ணே நீ சொல்லு, ஒனக்கு எது ஊரு?”

சண்முகம் ஆர்மோனியத்தில் சுற்றைத் தொடங்கினார். அமுதா தலையைக் குனிந்து நின்றார். ஒரு சுற்று முடிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதே சமயம் மண்டபத்தில் என்னவோ ஆயிற்று. குழந்தைகள்கூட அடங்கிவிட்டார்கள். பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார்.

“ஏத்தா அமுதா! என்ன இப்பிடி நிக்கிற? சொல்லு ஆத்தா அவனுக்கு!”

இரண்டாவது சுற்று. திருப்பதியே மிரண்டுபோய் அமுதாவைப் பார்த்தார். சண்முகத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார். அமுதா தலையை நிமிர்த்தி, முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. சொல்லட்டுமா என்று கேட்டார், அவ்வளவுதான்.

வாக்கு ஞாபகம் இருந்தது. ஐகெரிமின் கடிதம் ஞாபகம் இருந்தது. மேசையில் கிடக்கும் நானூறு பக்கம் ஞாபகம் இருந்தது. இருந்தும், ஒரு பெண் தன் வாயில் பதிலை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை தோற்பதை என்னால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

“ஊருன்னு நீ சொல்லுற ஊரு ஒனக்கு எப்பிடி வந்துச்சு?
ஒங்க ஆத்தா பொட்டியோட வந்து எறங்குனதால வந்துச்சு!
அன்னிக்கு அவ எறங்காம அங்கிட்டே போயிருந்தா,
ஐயா நீ எந்த ஊரு? அதை மொதல்ல சொல்லு!”

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். எழுந்து நின்ற அம்மாள் உட்காரவே இல்லை. திருப்பதிக்கு ஒரு சுற்று போயிற்று, பதில் வரவில்லை. தோளிலிருந்த ஜிகினாத் துணியை எடுத்து அமுதாவுக்குப் போர்த்திவிட்டார். அது அவர்கள் தொழிலின் மரியாதை. நாடகத்தில் இல்லாதது. ஆனால் மூன்றாம் காட்சி வரவேண்டுமே? தோற்ற பெண் அல்லவா லாரி ஏறவேண்டும்? நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். அமுதா பெட்டியை எடுத்துக்கொண்டு, லாரிக்காகப் போட்டிருந்த பெஞ்சின் மேல் தானே ஏறி நின்றார். மூன்றாம் காட்சி வசனங்களில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அழுதுகொண்டே போகிறவள் பேசுவதாக நான் மொழிபெயர்த்தவை, ஊர் ஒன்றை உண்டாக்கப் போகிறவள் பேசுவதாகக் கேட்டன.

முடிந்ததும் அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒங்களுக்குத் தொந்தரவு வருமா மேடம்?”

“வரலாம்.”

“நான் வேணா ஃபோன்ல பேசவா அந்த ஐயாகிட்ட?”

அன்று மாலையே பதிவை ஐகெரிமுக்கு அனுப்பினேன். நடந்ததை மறைக்காமல், தலையாட்டியது நான்தான் என்றும், அமுதா பாடியதன் பொருளையும் எழுதினேன். அவர்களுக்கும் நமக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். உடனே பார்த்துவிட்டதாக அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

திங்கட்கிழமை சித்தன்னவாசல். வந்த இடத்தில் இதை விடலாமா? புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இறங்கிக் கொஞ்ச தூரம் நடை. நுழைவுச் சீட்டு 25 ரூபாய். குகைக்குள் கூரையில் தாமரைக்குளம், மீன், பூப்பறிக்கும் ஆட்கள். உள்ளறையில் கண்ணை மூடி ‘ம்’ என்று முனகினால் அறை முழுக்க அந்த ஓசை சுற்றுகிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஓவியத்தில் பல இடம் உதிர்ந்து வெளுத்திருந்தது. “இதையெல்லாம் திரும்ப வரைய மாட்டாங்களா?” என்று காவலரிடம் கேட்டேன்.

“அழிஞ்சது அழிஞ்சதுதாங்க. அதுல கை வைக்க ஒருத்தருக்கும் உரிமை கெடையாது.”

அவர் சும்மாதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மலை மேலிருக்கும் ஏழடிப்பட்டக் குகைக்கு ஏறும்போதும், சமணர் படுக்கைகளின் மேல் காற்று வாங்கும்போதும், ஃபோனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேனோ. மாலை 3.10-க்குப் புதுக்கோட்டையில் பஸ் ஏறி, இரவு வீடு வந்து சேர்ந்தேன்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் பாறை சுடும். சித்தன்னவாசலுக்குக் காலை ஒன்பதரைக்குள் போனால் ஓவியங்களை நிதானமாகப் பார்க்கலாம். குடிநீர் கொண்டுபோங்கள், ஏழடிப்பட்டத்தில் கடை இல்லை. பேருந்துகளின் நேரம் மாறும், நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாடகம் பார்க்க ஆசைப்பட்டால் மாசி, பங்குனி, சித்திரை மாதத் திருவிழாக்காலம்தான் சரி. புதுக்கோட்டை டீக்கடைகளில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களில் ஊரும் தேதியும் இருக்கும். மூன்று நாளுக்கு எனக்கு எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது.

ஒன்பதாம் நாள் ஐகெரிமின் கடிதம் வந்தது. பெரியவர் பதிவை அன்றே பார்த்தாராம். நான்காம் நாள், காரை எடு என்றாராம். அப்பாவும் மகளுமாக அந்த முந்நூறு கிலோமீட்டரைப் போய், இன்னும் அங்கேயே இருக்கும் அக்காவின் முன்னால் ஃபோனை வைத்து, அமுதா பாடும் இடத்தைப் போட்டு, பொருளையும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா இரண்டாவது தடவை போடச் சொன்னாராம். மூன்றாவது தடவையும். தேநீர் ஆறிப்போயிற்று, ஒருவரும் குடிக்கவில்லை என்று எழுதியிருந்தார் ஐகெரிம். கீழே இரண்டே வரி: நாவலை வெளியிடலாம் என்கிறார் அப்பா. அரைப்பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும், கீரனூருக்கு மட்டும் விலக்கு.

கூடவே பதினோரு விநாடி ஒலிப்பதிவு ஒன்று. வயதான ஒரு பெண் குரல், சொல் இல்லாமல், சண்முகத்தின் ஆர்மோனியச் சுற்றை முனகுகிறது. நடுவில் மூச்சு வாங்குகிறது. மறுபடி தொடர்கிறது.

நான் சமையலறையில் நின்றபடியே அழுதேன். பிறகு அமுதாவைக் கூப்பிட்டு, அக்கா மூன்று தடவை கேட்டதைச் சொல்லி, ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டினேன். பஸ்ஸில் இருந்தார். பக்கத்தில் இரைச்சல். முழுவதும் கேட்டுவிட்டு, தொழில்காரி அல்லவா, முதலில் குறைதான் சொன்னார்.

“சுதி கொஞ்சம் எறங்குது மேடம்.” அப்புறம் பஸ் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினார். “சண்முகம் அண்ணன இன்னொரு சுத்து வாசிக்கச் சொல்லுங்க. பதிலை அவுகளே சொல்லிருவாங்க.”